பூட் வேறு, பூட்டு வேறு

எம்பெடட் கருவிகளின் பூட்லோடர் அமைப்புகளை ஆலையிலேயே ஒருமுறை எழுதி, பூட்டி, மறந்துவிட வேண்டும் என்று ஒரு பொறியாளர் நீளமாக எழுதியிருக்கிறார். இந்தக் கருவிகளை விற்கும் நிறுவனம் ஒன்றில் பொறுப்பான இடத்தில் இருப்பவர். அவர் பெயரையோ நிறுவனத்தின் பெயரையோ நான் எழுதப் போவதில்லை. காரணம், இந்தக் கருத்து அவர் ஒருவருக்குச் சொந்தமானதல்ல. ஏசி அறையில் மேசைமேல் வைத்துச் சோதித்த பலகையைக் காட்டுக்கும் மலைக்கும் ஏற்றிவிட்டு, அங்கே அது விழுந்தால் காட்டையும் மலையையும் குற்றம் சொல்லும் ஒரு கூட்டத்துக்கே பொதுவானது. ஐந்து வாதங்களை அடுக்கியிருக்கிறார். ஒன்றை நிறுத்தினால் அடுத்தது சரியும் விதமாக அடுக்கியிருப்பதைக் கட்டுரை முழுவதும் அவர் கவனிக்கவே இல்லை என்பதுதான் வியப்பு.

விஷயத்துக்குப் புதியவர்களுக்காக இரண்டு வரி. மின்சாரம் வந்ததும் சிப்புக்குள் பதிந்திருக்கும் சிறு நிரல் கண் விழிக்கிறது. அது பூட்லோடரை எழுப்புகிறது. பூட்லோடர் லினக்ஸ் கெர்னலை எங்கிருந்து எடுப்பது, அதற்கு என்ன கட்டளைகளைச் சொல்லி அனுப்புவது, எடுக்க முடியாவிட்டால் என்ன செய்வது என்று முடிவெடுக்கிறது. அந்த முடிவுகளைத்தான் பூட் ஆப்ஷன் என்கிறோம். உலகம் முழுக்கப் பெரும்பாலான எம்பெடட் லினக்ஸ் பலகைகளில் இந்த வேலையைச் செய்வது யூ-பூட். 2000-இல் ஜெர்மனியின் வொல்ஃப்காங் டெங்க் பிபிசி-பூட் என்ற பெயரில் வெளியிட்டு, 2002-இல் இந்தப் பெயருக்கு மாறிய கட்டற்ற மென்பொருள். இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஆயிரக்கணக்கான பொறியாளர்கள் அதில் ஒவ்வொரு ஆப்ஷனாகச் சேர்த்தார்களே, பொழுது போகாமலா சேர்த்தார்கள்?

முதல் வாதம்: பலகையைத் தயாரித்தவர் தரும் இயல்பு அமைப்பே போதும், அதைத் தொடுகிறவன் கெடுக்கிறான்.

கொடைக்கானல் கீழ்மலையில் இந்த வாதம் என்ன ஆகும் என்று நான் நேரில் பார்த்திருக்கிறேன். அய்யம்பாளையத்தையும் சித்தரேவையும் தாண்டி மலைச்சாலையில் ஏறினால் பெரும்பாறை. அதற்கு மேலே தடியன்குடிசை, தாண்டிக்குடி. காபி, மிளகு, ஆரஞ்சு, சவ்சவ் விளையும் நாடு. பங்குனி, சித்திரையில் காபிக்குப் பூ மழை எந்த நாளில், எத்தனை மில்லிமீட்டர் பெய்தது என்பதில்தான் அந்த வருடத்து மகசூல் தொங்கிக்கொண்டிருக்கிறது. அங்கே மாமா முறை உறவினர் ஒருவருடைய எஸ்டேட்டில் மழை, ஈரப்பதம், இலை நனைவு எல்லாம் பதிவு செய்யும் கருவி ஒன்றை வாங்கி வைத்தார்கள். ஐப்பசி மழையில் கரன்ட் போய்ப் போய் வந்தது. ஒரு நாள் கரன்ட் வந்தது, கருவி வரவில்லை. நான் போய்ச் சீரியல் கேபிளைச் செருகிப் பார்த்தபோது அது என்ன செய்துகொண்டிருந்தது தெரியுமா? கேபிளே செருகாத ஈத்தர்நெட் வாய் வழியாக, அந்த மலையிலேயே இல்லாத ஒரு சர்வரிடம் கெர்னல் கேட்டுக்கொண்டிருந்தது. “தம்பி, மழை பெஞ்சது எனக்குத் தெரியுது, இதுக்குத் தெரியலையே” என்றார் மாமா.

காரணம் எளியது. யூ-பூட் தன் அமைப்புகளை ‘என்விரான்மென்ட்’ என்ற சிறு பகுதியில், தலைப்பில் ஒரு சிஆர்சி சரிபார்ப்பு எண்ணோடு சேமிக்கிறது. அந்தக் கருவி ஒவ்வொரு முறை எழும்போதும் அந்தப் பகுதியில் எதையோ எழுதியது. எழுதிக்கொண்டிருக்கும்போது கரன்ட் போனது. எண் பொருந்தவில்லை. சிஆர்சி தவறு, இயல்பு அமைப்பைப் பயன்படுத்துகிறேன் என்று ஒரு வரி எச்சரித்துவிட்டு யூ-பூட் தன் இயல்புக்குத் திரும்பியது. அந்த இயல்பு யாருடைய இயல்பு? பலகை தயாரித்தவரின் சோதனை மேசையில், நெட்வொர்க் கேபிளோடும் சர்வரோடும் உட்கார்ந்திருந்த ஒருவருடைய இயல்பு. பொறியாளர் நண்பர் போற்றும் அந்த இயல்பு அமைப்பு, மேசையை மலைக்குத் தூக்கிவந்தால் மட்டுமே வேலை செய்யும். விற்ற நிறுவனம் இயல்பு அமைப்புக்குள்ளேயே, ‘பூட்-சிஎம்டி’ என்ற மாறியில், எஸ்டி கார்டிலிருந்து கெர்னலை எடு என்று ஒரு வரி எழுதியிருந்தால் சிஆர்சி கெட்டும் கருவி எழுந்திருக்கும். தொட்டவன் கெடுக்கிறான் என்கிறார். இங்கே தொடாமல் விட்டவன்தானே கெடுத்தான்?

இயல்பு அமைப்பின் இன்னொரு அழகு. கெர்னல் திணறி நின்றால் தானாக மறுபடி எழ வேண்டுமா என்பதை ‘பேனிக்’ என்ற கட்டளை முடிவு செய்கிறது. லினக்ஸில் அதன் வழக்கமான மதிப்பு 0. பொருள், யாராவது வந்து சுவிட்சை அணைத்துப் போடும்வரை அப்படியே நில். 10 என்று எழுதினால் பத்து விநாடியில் தானே மறுபடி எழும். எஸ்டி கார்டு சற்றுத் தாமதமாகக் கண்ணில் பட்டால் காத்திரு என்று சொல்ல ‘ரூட்-வெயிட்’ என ஒரு சொல் வேண்டும். அது விடுபட்டால் கார்டு தென்படுவதற்குள் அவசரப்பட்டு, ஃபைல் சிஸ்டமே இல்லை என்று கெர்னல் விழுந்துவிடும். விழுந்த பிறகு, மேலே சொன்ன 0. இரண்டு சொற்களுக்காக ஒருவர் பஸ் ஏறி மலைக்கு வர வேண்டும். இந்த இரண்டு சொற்களையும் எழுதுவதைத்தான் நண்பர் கெடுப்பது என்கிறார்.

இரண்டாம் வாதம்: காத்திருப்பு நேரத்தைப் பூச்சியமாக்கி, சீரியல் கேபிள் செருகும் கன்சோலை மூடிவிட்டால் கருவி பாதுகாப்பானது.

இங்கேதான் பூட்டையும் பூட்டையும் போட்டுக் குழப்புகிறார். ஒலி ஒன்றாக இருப்பதால் பொருளும் ஒன்று என்று நினைத்துவிட்டார் போலும். யூ-பூட்டில் ‘பூட்-டிலே’ என்ற மாறி, இடைமறிக்க எத்தனை விநாடி தரலாம் என்று சொல்கிறது. அதை 0 ஆக்கினால் பாதுகாப்பு வந்துவிடும் என்கிறார். 0 என்றால் காத்திராதே என்றுதான் பொருள். அந்தக் கணத்தில் விசை ஏற்கனவே அழுத்தப்பட்டிருந்தால் யூ-பூட் நின்றுவிடும். விசையைக் கவனிக்கவே கவனிக்காதே என்பதற்கு -2 என்று எழுத வேண்டும். தானாக எழவே எழாதே என்பதற்கு -1. இந்த மூன்றுக்கும் வேறுபாடு தெரியாமல் பாதுகாப்புக்கு உபதேசம் செய்கிறவரைப் பாதுகாப்புக்கு நம்புவதா?

சரி, -2 என்றே எழுதினார் என்று வைத்துக்கொள்வோம். லினக்ஸ் எழுந்த பிறகு, உள்ளே ரூட் அதிகாரம் பெற்ற எவரும் ஒரே கட்டளையால் என்விரான்மென்ட்டை மாற்றலாம். அடுத்த முறை எந்தக் கெர்னல் எழ வேண்டும், எந்த நிரல் முதலில் ஓட வேண்டும் என்பதை வெளியாள் தீர்மானிக்கலாம். முன்வாசலுக்குச் செங்கல் வைத்து அடைத்துவிட்டுக் கொல்லைப்புறத்தைத் திறந்து போட்ட வீடு இது. உண்மையான பாதுகாப்பு, கெர்னல் படிமத்துக்குக் கையொப்பமிட்டு, அதைச் சரிபார்க்கும் பொதுச் சாவியைப் பூட்லோடருக்குள் வைத்து, அந்தப் பூட்லோடரையே சரிபார்க்கும் பொறுப்பைச் சிப்பின் மாற்ற முடியாத பகுதியிடம் தருவதில் இருக்கிறது. யூ-பூட்டில் இதற்கான ஏற்பாடு 2013 முதல் உண்டு. அதோடு, எந்தெந்த மாறிகளை மட்டும் வெளியிலிருந்து மாற்றலாம் என்று பட்டியல் போடவும் முடியும். கட்டுரையில் இவற்றில் ஒன்றாவது வருகிறதா? கையொப்பம் என்ற சொல்லே இல்லை.

அவர் தரப்புக்கு ஒரு நல்ல வாதம் உண்டு. அதுவும் அவருக்குத் தெரியவில்லை, ஆகவே நானே சொல்கிறேன். கன்சோல் கம்பியில் ஏதேனும் இரைச்சல் வந்தாலோ, அதே கம்பியில் பிணைத்த மோடம் எழுந்தவுடன் ஏதேனும் எழுத்தை அனுப்பினாலோ, யாரோ விசையை அழுத்தினார்கள் என்று யூ-பூட் எண்ணி, தன் கட்டளைத் திரையில் நின்றுவிடும். இடி மின்னல் மிகுந்த மலையில் இது நிஜமான ஆபத்து. ஆனால் அதற்கு மருந்து கன்சோலை வெட்டி எறிவதல்ல. குறிப்பிட்ட கடவுச்சொல்லைத் தட்டினால் மட்டும் நில் என்று அமைக்கலாம்; அந்தச் சொல்லை நேராக வைக்காமல் அதன் ஹாஷை மட்டும் வைக்கலாம். இரைச்சலும் உள்ளே வராது, திருடனும் வர மாட்டான், பழுது பார்க்க வந்தவன் வருவான். திறந்து கிடக்க வேண்டும், அல்லது அடைத்துக் கிடக்க வேண்டும் என்று இரண்டே வழிதான் உண்டு என்பது, சாவி என்ற பொருளைக் கண்டிராதவர் பேசும் பேச்சு.

மூன்றாம் வாதம்: மாற்றுப் பிரதி வைப்பது நினைவக விரயம்.

கணக்குப் போடுவோம். என்விரான்மென்ட்டுக்கு 128 கேபி என்று தாராளமாகவே ஒதுக்குவோம். 8 ஜிபி நினைவகத்தில் இது 65,536-இல் ஒரு பங்கு. இரண்டாம் பிரதி வைத்தால் இன்னொரு பங்கு. யூ-பூட் இரண்டு பிரதிகளில் பழையதன்மேல்தான் புதியதை எழுதும். எழுதும்போது கரன்ட் போனால் மற்றது அப்படியே இருக்கும், அடுத்த முறை எழும்போது சிஆர்சி சரியாக இருப்பதை எடுத்துக்கொள்ளும். பெரும்பாறையில் மாமாவின் கருவியில் ஒரு மாதத்து மழைக் கணக்கைக் காவு கொடுத்தது இந்த 65,536-இல் ஒரு பங்கைச் சேமித்த சிக்கனம். இதே கட்டுரையாளர் வேறொரு பத்தியில், தங்கள் கருவியில் நிறுவனத்தின் முத்திரைப் படம் எழும்போது திரையில் மின்னுவதைப் பெருமையோடு சொல்கிறார். அந்தப் படம் என்விரான்மென்ட்டைவிடப் பெரியதா சிறியதா என்று அவரே பார்த்துச் சொல்லட்டும்.

முழு ஃபைல் சிஸ்டத்தையும் இரண்டு பிரதியாக வைப்பது எல்லாக் கருவிக்கும் முடியாது என்பது உண்மை. 16 எம்பி ஃப்ளாஷ் மட்டும் உள்ள பலகையில் இடமிருக்காது. அப்போது மீட்புக்கென்று ஒரு சிறு படிமம் வைப்பார்கள். சில ஆயிரம் ரூபாய் ராஸ்பெரி பையில்கூடப் புதிய அமைப்பை ஒரே ஒருமுறை முயன்று பார்த்து, எழாவிட்டால் பழையதற்கே திரும்பும் ‘ட்ரைபூட்’ வசதி இருக்கிறது. அதன் பூட் வரிசை எஃப்41 என்றிருந்தால் வலமிருந்து இடமாக வாசிக்க வேண்டும்: 1 எஸ்டி கார்டு, 4 யூஎஸ்பி, எஃப் என்றால் மறுபடி முதலிலிருந்து முயல். அந்த ஓர் எழுத்தைச் சேர்த்தவனுக்கு, முதல் முயற்சி தோற்கும் என்ற உலக ஞானம் இருந்திருக்கிறது.

நான்காம் வாதம்: வாட்ச்டாக் இருக்கிறதே, அது பார்த்துக்கொள்ளும்.

வாட்ச்டாக் என்பது, கருவி குறித்த நேரத்துக்குள் குரல் கொடுக்காவிட்டால் ரீசெட் செய்யும் கடிகாரம். அவ்வளவே. கெட்ட கெர்னலை நூறு முறை ரீசெட் செய்தால் நூறு முறை கெட்ட கெர்னல்தான் எழும். விழுந்தவனைத் தூக்கித் தூக்கி அதே குழியில் விடுகிற உதவி இது. அதனால்தான் யூ-பூட்டில் ‘பூட்-கவுன்ட்’ என்றொரு எண்ணிக்கையும், ‘பூட்-லிமிட்’ என்றொரு வரம்பும், வரம்பு தாண்டினால் வழக்கமான கட்டளைக்குப் பதிலாக ஓட வேண்டிய மாற்றுக் கட்டளையும் இருக்கின்றன. மூன்று முறை எழுந்து மூன்று முறையும் விழுந்தால், நான்காம் முறை பழைய படிமத்தை எடு. இதில் நுட்பம் ஒன்று உண்டு: எண்ணிக்கையைப் பூச்சியமாக்கும் பொறுப்பு லினக்ஸ் பக்கத்து நிரலுக்கு. மழைமானியிலிருந்து அளவு வருகிறதா, மோடம் பேசுகிறதா என்று பார்த்த பிறகே அதைச் செய்ய வேண்டும். லினக்ஸ் எழுந்த மறுகணமே அழித்துவிட்டால் எண்ணிக்கை ஒருபோதும் ஏறாது. வாட்ச்டாக்கும் எண்ணிக்கையும் சேர்ந்தால்தான் மீட்பு. ஒன்றை மட்டும் வாங்கி வந்து மற்றதற்கும் அதுவே போதும் என்பது, வண்டிக்கு ஒரு சக்கரம் வாங்கியவன் கணக்கு.

தொலைவில் இருக்கும் கருவிக்கு பூட் ஆப்ஷன் என்ன செய்யும் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டுமா? 2004 ஜனவரியில், செவ்வாயில் இறங்கிய சில வாரங்களிலேயே நாசாவின் ஸ்பிரிட் ஊர்தி திரும்பத் திரும்ப ரீசெட் ஆகத் தொடங்கியது. ஃப்ளாஷ் நினைவகத்தின் கோப்பு மேலாண்மையில் கோளாறு; எழுவதும், ஃப்ளாஷைத் தொடுவதும், விழுவதுமாக அறுபதுக்கு மேற்பட்ட முறை. பூமியிலிருந்தவர்கள் என்ன செய்தார்கள்? ஃப்ளாஷைத் தொடாமல் எழு என்று கட்டளை அனுப்பினார்கள். அப்படியொரு மாற்று வழியை முன்பே எழுதிவைத்திருந்ததால் கட்டளைக்குக் கருவி கீழ்ப்படிந்தது. அதன் பிறகு 2010 வரை அந்த ஊர்தி பேசியது. செவ்வாயில் வாட்ச்டாக் போதவில்லை; பெரும்பாறையில் போதுமாம்.

ஐந்தாம் வாதம்தான் கட்டுரையின் உயிர். மற்ற நான்கும் அதற்குப் போட்ட திரை. விவசாயிக்கும் எஸ்டேட்காரருக்கும் பூட் ஆப்ஷன் எதற்கு, பழுதானால் சர்வீஸ் சென்டருக்கு அனுப்பட்டுமே என்கிறார்.

இப்போது அவருடைய முதல் வாதத்தை எடுத்து இதன் பக்கத்தில் வையுங்கள். எழுதிய அமைப்பை எவரும் எப்போதும் தொடத் தேவையே இராது என்றார். அப்படியானால் சர்வீஸ் சென்டர் எதற்கு? அங்கே தொடப்போவது எதை? தொடத் தேவையில்லை என்பதற்கும், தொட நாங்கள் மட்டும் போதும் என்பதற்கும் நடுவில் ஒரு ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் உட்கார்ந்திருக்கிறது. தொழில்நுட்ப மொழியில் எழுதப்பட்ட அந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வணிக வாக்கியம்தான் இருக்கிறது, அந்த ஒன்றுதான் உண்மை.

அமைப்புகள் நிறுவனத்தின் ரகசியம் என்றும் ஓரிடத்தில் எழுதுகிறார். யூ-பூட் ஜிபிஎல் இரண்டாம் பதிப்பு உரிமத்தில் வருவது. அதைப் பொருளில் ஏற்றி விற்கிறவர், வாங்கியவருக்கு மூலநிரலையும், அதைத் தொகுக்கும் ஸ்கிரிப்டுகளையும் தரக் கடமைப்பட்டவர். இயல்பு அமைப்பு என்பது அந்தத் தொகுப்புக்குள்ளேயே கலந்திருப்பது. கையொப்பச் சாவி யாரிடம் இருக்க வேண்டும் என்பதில் விவாதம் உண்டு. 2007-இல் ஜிபிஎல் மூன்றாம் பதிப்பு பிறந்ததற்கு அந்த விவாதமும் ஒரு காரணம். மூலநிரல் விஷயத்தில் விவாதமே இல்லை. ஆயிரம் பேர் இலவசமாகத் தந்ததை வாங்கிக்கொண்டு, அதன் மேல் தன் பெயரை ஒட்டி, வாங்கியவரிடம் ரகசியம் என்று சொல்வதற்குத் தமிழில் நல்ல சொல் இருக்கிறது. நாகரிகம் கருதி எழுதாமல் விடுகிறேன்.

எஸ்டேட்காரருக்குப் புரியாது என்கிறாரே, அதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். விருப்பாச்சி மலைவாழையைக் குலைகுலையாக அழித்த முடிக்கொத்து நோயைக் கண்டு, எந்த மரத்தை வெட்ட வேண்டும், எங்கிருந்து கன்று எடுக்கக் கூடாது என்று கற்றவர்கள் இந்த மலைக்காரர்கள். மூன்று முறை எழாவிட்டால் பழையதற்குத் திரும்பு என்பது அவர்களுக்கா புரியாது? மாமாவுக்கு நான் அன்று ஐந்து நிமிடத்தில் சொன்னேன். “ஒரு விதை முளைக்கலைன்னா பழைய விதையைப் போடுற மாதிரிதானே?” என்றார். அந்த ஒரு வரியில் இருக்கும் தெளிவு, நண்பரின் கட்டுரையில் எந்தப் பக்கத்திலும் இல்லை.

கோபத்துக்குக் காரணம் இருக்கிறது. இதே மலைத்தொடரின் உச்சியில், 1899-இல் நிறுவப்பட்ட கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில், 1904 முதல் சூரியனைப் படமெடுத்துச் சேர்த்து வருகிறார்கள். நூறாண்டைத் தாண்டிய அந்தத் தொடருக்கு இன்று உலகம் மதிப்புத் தருவதன் காரணம் தொடர்ச்சிதான். மழைக் கணக்கும் அப்படித்தான். 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கரை கடந்த கஜா புயல் திண்டுக்கல் வழியாக மேற்கே போனபோது கீழ்மலையில் மரங்களும் மின்கம்பங்களும் சாய்ந்தன. அளவு மிகவும் தேவைப்படும் நாளில்தான் கரன்ட் போகும், பாதை அடைபடும், ஆள் ஏற முடியாது. அந்த நாளில் தானே எழுந்து நிற்கத் தெரியாத கருவி மற்ற நாட்களில் எவ்வளவு அழகாக ஓடினாலும் என்ன பயன்? போன மழையை யாரும் திரும்ப அளக்க முடியாது.

ஆகவே, மலைக்கோ கடலுக்கோ காட்டுக்கோ கருவி வாங்கும் எவரும் விற்பவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். எழுதிக்கொண்டிருக்கும்போது கரன்ட் போனால் இது எதிலிருந்து எழும்? மூன்று முறை எழ முடியாவிட்டால் நான்காம் முறை எதை ஓட்டும்? இதன் மூலநிரலும் அமைப்பும் என் கையில் எப்போது வரும்? பதில் வராத கருவியைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். மாமாவின் எஸ்டேட்டில் இரண்டு பிரதி என்விரான்மென்ட், எண்ணிக்கை வரம்பு 3, பேனிக் 10 என்று நான் எழுதிவிட்டு வந்தேன். அடுத்த மழையிலும் கரன்ட் போனது. வந்தபோது கருவியும் கூடவே எழுந்தது.